மழை நாளுக்கு முடிந்து வைத்த பணம்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'அவசர நேரத்தில் குடும்பத்தைக் காப்பது சேமிப்பா, கடன்பற்று அட்டையா?' என்ற தலைப்பில், சேமிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், நள்ளிரவில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்டால் அட்டையை நீட்டாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நீட்டுங்கள் ஐயா, உயிருக்கு முன் வாதம் எதற்கு? ஆனால் அடுத்த மாதம் அந்தக் கணக்கு வீட்டுக்கு வருமே, அதை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்பதே எங்கள் கேள்வி.

அட்டையில் 3,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், கடனாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு. முதல் மாதம் 150 வெள்ளி. ஆண்டுக்கு 18 விழுக்காட்டு வட்டியில் அதில் 45 வெள்ளி வட்டிக்கே போய்விடும். நிலுவை குறையக் குறையத் தவணையும் 50 வெள்ளி வரை இறங்குவதால், குறைந்தபட்சத்தை மட்டுமே கட்டி வருபவர் கடனை முடிக்க நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். வட்டி ஏறத்தாழ 1,000 வெள்ளி. அதே 150 வெள்ளியை முன்கூட்டியே மாதந்தோறும் ஒதுக்கியிருந்தால், இருபதே மாதத்தில் அந்த 3,000 வெள்ளி கையில் இருந்திருக்கும்.

ஏழைக்கு அட்டைதானே துணை என்றும் நண்பர் சொன்னார். ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறைந்தவருக்கு நம் மலேசியாவில் கடன்பற்று அட்டை கிடைக்காது. குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியை மட்டும் நம்பி வாழ்பவர் ஆண்டுக்குப் பெறுவது 20,400. துணை மிகவும் தேவைப்படும் அந்த மனிதருக்கு அட்டையின் கதவு முன்பே சாத்தியிருக்கிறது. கையில் சேமிப்பும் இல்லையென்றால் அவர் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரின் வாசலில்தான் போய் நிற்பார். அந்த வாசலில் நின்று திரும்பிய குடும்பங்களின் துயரத்தை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 18 அன்று கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பத்து பெரிங்கியில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்த என் தம்பி சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு வந்தான். ஏப்ரலில் வீட்டுக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் ஆறு மாத ஒத்திவைப்பு கிடைத்தது; கடன்பற்று அட்டை நிலுவைக்கு அது கிடைக்கவில்லை. அதைத் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளும் வழி மட்டுமே இருந்தது. ஊரே நின்றுபோன அந்நாட்களிலும் அவனுடைய அட்டைக் கடன் நிற்கவில்லை. சம்பளம் வராத வீட்டில் அவனும் மனைவியும் அந்த அட்டைக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நான் இந்த அணிக்கு வந்தேன்.

எங்கள் பாட்டி செபராங் பிறையில் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அதனால் வெயில் நாள் கூலியில் ஒரு பங்கை முந்தானையில் முடிந்து, சிறுவாடாகச் சேர்த்து வைத்தார். அவர் சம்பாதித்தது நம்மில் எவருடைய சம்பளத்தையும் விடக் குறைவு. ஆனாலும் மழை நாளில் அடுப்பு எரிந்தது. இன்றைய வருமானத்தில் சேமிக்கவே முடியாது என்று நண்பர் சொன்னபோது, எனக்கு அந்த முந்தானைதான் நினைவுக்கு வந்தது.

ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு இருக்கிறதே என்பார்கள். சந்தாவில் பத்து விழுக்காடுதான் அதில் சேரும். 3,000 வெள்ளி சம்பளக்காரருக்கு மாதம் 72 வெள்ளி. நல்ல தொடக்கம்தான், ஆனால் மூன்று மாதக் குடும்பச் செலவைத் தாங்க அது போதாது. என் தம்பி இப்போது சம்பளம் ஏறிய அன்றே 150 வெள்ளியைத் தனிக்கணக்குக்கு மாற்றிவிடுகிறான். அட்டையும் அவனிடம் இருக்கிறது. அதைக் கொண்டு வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறான், மாத முடிவில் முழுதாகக் கட்டிவிடுகிறான். நடுவர் அவர்களே, அவன் வீட்டை இன்று காத்து நிற்பது எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.