அட்டவணையில டிக் போட முடியலையா? குழந்தை வளர்ச்சியை வீட்டிலயே குறிச்சு வைக்கிற முறை

"பையனுக்கு 14 மாசம். 8 வாரம் முன்னாடியே பிறந்துட்டான். இன்னும் நடக்கல. வளர்ச்சி அட்டவணையில பாதிக்கு மேல டிக் போட முடியல, பயமா இருக்கு"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

முதல்ல வயசைச் சரி பண்ணிக்கோங்கம்மா. குறைமாசக் குழந்தைக்கு ரெண்டு வயசு வரைக்கும், எத்தனை வாரம் முந்திப் பிறந்துச்சோ அதைக் கழிச்சுட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்கணும். அப்போ உங்க பையனுக்கு 12 மாசம்தான். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீங்க, அது பிறந்த தேதிப்படிதான். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல, பிடிக்காம நடக்கிறது 8 மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் போகுது. 18 மாசம் ஆகியும் நடக்கலைன்னா காட்டணும்.

டிக் போடறதை விட்டுட்டு ஒரு நோட்டு போடுங்க. டிக்குல, எப்படிச் செஞ்சான்னு தெரியாது. தேதி போட்டு, "சோபாவைப் பிடிச்சுட்டு பக்கவாட்டுல நாலு எட்டு, ரெண்டு பக்கமும்"னு எழுதினா, அடுத்த மாசம் என்ன மாறிச்சுன்னு பளிச்சுன்னு தெரியும். வாரத்துல ஒரு நாள் போதும். தூங்கி எழுந்து, வயிறு நிறைஞ்சிருக்கிற நேரமாப் பாருங்க.

நிறைய பேர் ஏமாறுறது பேச்சுல. "பந்தை எடு"ன்னு சொல்றோம், எடுத்துடறான், "எல்லாம் புரியுது"ன்னு எழுதிடறோம். ஆனா சொல்லும்போதே நம்ம கை பந்துப் பக்கம் போகுது, கண்ணும் போகுது. அவன் கையைப் பார்த்து எடுத்தானா, வார்த்தையைக் கேட்டு எடுத்தானா? பந்து, கரண்டி, செருப்பு மூணையும் தரையில வைங்க. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, அவன் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. ஒரு தடவை சரியா எடுத்தா குருட்டாம்போக்கா இருக்கலாம். இடத்தை மாத்தி மாத்தி வச்சு நாலஞ்சு தடவை பாருங்க. இது கொஞ்சம் பெரிய வேலைதான், உங்க பையனுக்கு இப்பவே வரலைன்னா பதற வேண்டாம்.

12 மாசத்துல மழலைச் சத்தமோ, டாட்டா மாதிரி கைச் சைகையோ இல்ல, 16 மாசத்துல ஒரு வார்த்தைகூட இல்லைன்னா காத்திருக்காதீங்க. முதல்ல காதைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் நீட்டினா, "இடதுகைக்காரன் போல"ன்னு விட்டுடாதீங்க, இன்னொரு கை பலம் கம்மியா இருக்கலாம். செஞ்சுட்டிருந்ததை, சொல்லிட்டிருந்த வார்த்தையை விட்டுட்டான்னா, எந்த வயசா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க.

போகும்போது நோட்டோட, வெறுங்கால்ல அவன் நிக்கிற அரை நிமிஷ வீடியோ ஒண்ணும் எடுத்துட்டுப் போங்க. டாக்டர் அறையில பெரும்பாலும் அழுகைதான் இருக்கும்.