ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள்

(ஊராட்சித் தலைவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, குழுச் சகோதரிகளே, வணக்கம்.

முதியோர் நலம் என்றதும் நம் பேச்சு பணத்தில் தொடங்கிப் பணத்திலேயே முடிந்துவிடுகிறது. பணம் வேண்டும்தான். 1962-இலேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது; 2023-இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500. இத்தனை ஆண்டுகளாக நகராமல் கிடக்கும் இந்த மத்தியப் பங்கை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் பணம் வந்து சேரும் வழியையும் பாருங்கள். முன்பு மணியார்டரோடு தபால்காரர் வாசலுக்கு வருவார். பாட்டி எழுந்துவரத் தாமதமானால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். பிறகு பணம் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. கைமாறும்போது குறைவது நின்றது, நல்லதுதான். அதே சமயம், காலமெல்லாம் களை பறித்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. மாதம் ஒருமுறை வாசலில் கேட்ட விசாரிப்பும் இல்லாமல் போயிற்று.

சத்துணவையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பெறும் முதியோருக்கும் மதிய உணவு உண்டு என்று 1983-இல் ஏற்பாடானது. மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. அரிசியாக வாங்கிப் போவது எளிது. ஆனால் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர், காலையில் ஒரு முறை பொங்கி, இரவு வரை அதையே தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பது எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? மையத்துக்கு வந்து உண்பவர் ஒருநாள் வராவிட்டால் சமையல் உதவியாளருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். நான் பெரிதாக மதிப்பது அந்தத் தெரிதலைத்தான்.

நூறு நாள் வேலைத் தளங்களிலும் இதைக் கண்டோம். அங்கே மேல் வயது வரம்பு இருக்கவில்லை. எழுபது வயதுப் பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். கூலி அவர்கள் கையில் வந்தது. மருமகளிடம் வெற்றிலைக்குக் காசு கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடவே, பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் வருகிறது. கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் குழுக்களிலிருந்து போன பெண்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: மாத்திரையைக் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். நேற்று என்ன சாப்பிட்டார், கடைசியாக எப்போது தெருவுக்கு வந்தார் என்று கேளுங்கள். அதிகாரிகளும் அதற்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் அவர்களுக்குத் தர வேண்டும். வெறும் சேவை என்று சொல்லி உழைப்பை வாங்கக் கூடாது.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாளே காந்தி ஜயந்தி கிராம சபை. தலைவர்கள் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். தனியாக வாழும் முதியோரின் பட்டியல் தெரு வாரியாக ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழு உறுப்பினர் பொறுப்பேற்க வேண்டும். சத்துணவு மையத்தில் முதியோர் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு போட வேண்டும். கால் மடக்கித் தரையில் அமர முடியாததாலேயே வராமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.