குதிரைக்கு மட்டும் சொன்ன பெயர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னக் கதையில் வரும் ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1886 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் எழுதிய கதை. ரஷ்ய மொழியில் தலைப்பு ‘தஸ்கா’. துயரமும் ஏக்கமும் கலந்த சொல் அது. அப்போது அவருக்கு 26 வயது, டாக்டர். கதைக்குக் கீழே சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை, செகோந்தே என்ற புனைபெயர்தான்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. இயோனா பதாப்பவ் என்ற கிழவர், குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிக்காரர். மகன் செத்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சவாரிக்கு வந்த ராணுவ அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறார். “எதனால் செத்தான்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அப்புறம் மூன்று இளைஞர்கள். அதில் கூனன் ஒருவன், “எல்லாரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம்” என்கிறான். நம் ஊரில் துக்கம் விசாரிப்பது என்கிறோமே, அந்த விசாரிப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அந்த மூன்று பேரும் அடிமாட்டுக் கூலி, வெறும் 20 கோபெக் தருகிறார்கள். இயோனா பேரம் பேசவில்லை. வண்டியில் ஆள் இருந்தால் போதும் அவருக்கு. பின்னால் இருந்து திட்டுகிறார்கள், பிடரியில் அடியும் விழுகிறது. அந்த வசவைக் கேட்கக் கேட்க நெஞ்சின் தனிமை கொஞ்சம் லேசாகிறது என்று எழுதுகிறார் செகாவ். ‘இயோனா மிகவும் தனிமையில் இருந்தார்’ என்று பத்து வரி எழுதினாலும் இது வருமா? என் கணக்கில் பாத்திரப் படைப்பு இதுதான். மனுஷனுக்கு எது போதுமானதாக இருக்கிறது என்று காட்டினால் ஆள் முழுசாகத் தெரிந்துவிடுகிறார்.

சரி, பெயருக்கு வருவோம். கதை நெடுக ‘மகன், மகன்’ என்றுதான் வருகிறது. ஊரில் இருக்கும் மகளுக்குக்கூட அனீஸ்யா என்று பெயர் வந்துவிடுகிறது, செத்தவனுக்கு இல்லை. கடைசியில் லாயத்துக்குப் போய்த் தன் பெட்டைக் குதிரையைச் சகோதரா என்று கூப்பிட்டுச் சொல்கிறார்: குஸ்மா இயோனிச் போய்விட்டான். முதல் தடவையாகப் பெயர் அங்கேதான் விழுகிறது. இயோனிச் என்றால் இயோனாவின் மகன். நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர் அதற்குள்ளேயே இருக்கிறது. அதுவும் ரஷ்யர்கள் மரியாதையாகக் குறிப்பிடும் முறை. பெற்ற பிள்ளையை அந்தக் கிழவர் பெரிய மனிதரைச் சொல்வதுபோலச் சொல்கிறார். மொழிபெயர்ப்பில் வேகமாகப் படிக்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். நானே இரண்டு முறை தவறவிட்டேன்.

இன்னொன்று. மகன் எப்படிப் படுத்தான், கடைசியில் என்ன சொன்னான், அவனுடைய துணிகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது, இதையெல்லாம் ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று இயோனா ஏங்குவதாக நடுவிலேயே ஒரு பட்டியல் வருகிறது. கடைசி வரியில் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். என்ன சொன்னார் என்று செகாவ் எழுதவில்லை. அந்தத் துணி வாங்கப் போன கதையாவது எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன். குதிரை மென்றுகொண்டே கேட்கிறது, எசமானின் கைமேல் மூச்சு விடுகிறது. அவ்வளவுதான் இருக்கிறது.