எரிச்சல் அல்ல, இன்பமே!

நடுவர் அவர்களே, தக்கலைப் பெரியோர்களே, வணக்கம். கடினமான வீடியோ கேம் தருவது எரிச்சலா, இன்பமா என்பது தலைப்பு. இன்பமே என்பது என் கட்சி.

எதிரணித் தங்கை கேட்டார்: "உழைத்துக் களைத்து வருகிறவனைக் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும் அடிக்க வேண்டுமா?" நானும் அப்படிக் கேட்டவன்தான். 2019இல் வெளியான செகிரோ என்ற ஜப்பானிய விளையாட்டை வாங்கி இரண்டே வாரத்தில் மூடி வைத்தேன். எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே அதில் கிடையாது. அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிசிரோ என்ற வீரனிடம் ஒரே மாலையில் முப்பது முறை செத்தேன்.

என்னைத் திருப்பியவர் மாமா. இளவயதில் ஆசானிடம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை பயின்றவர். பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, அவன் ஓங்கும் முன்பே ஓடுகிறாய். நின்று வாங்கு."

நடுவர் அவர்களே, அந்த விளையாட்டின் உயிரே அதுதான்! வாள் நம்மீது படப்போகும் கணத்தில் தடுப்புப் பொத்தானை அழுத்தினால் 'ணங்' என்று பொறி பறக்கும். எதிரியின் நிலை குலையத் தொடங்கும். முற்றிலும் குலைந்துவிட்டால், உயிர் மீதமிருந்தாலும் ஒரே குத்தில் வீழ்த்தலாம். விலகி ஓடினாலோ, அவன் நிலையை மீட்டுக்கொள்வான். என் பயம்தான் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தது!

கற்றுத்தர ஆள் இல்லை என்றார்கள் எதிரணியினர். இருக்கிறாரே! அந்த விளையாட்டில் வரும் பாழடைந்த கோயிலின் வெளியே ஹன்பே என்றொருவர், சாக முடியாதவர். எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து நின்று பயிற்சி தருவார். முதலில் அவரைக் கண்டுகொள்ளாமல் போனவன் நான். பிறகு ஒரு வாரம் அவரிடமே நின்றேன்.

ஓர் இடவப்பாதி மழை இரவு. வேளிமலைப் பக்கம் இடி உருண்டது. திரையில் கெனிசிரோ மின்னலை வீசினான். துள்ளி, அந்தரத்தில் அதை வாளில் வாங்கி, கால் தரையைத் தொடும் முன் அவன் மீதே திருப்பி வீசினேன். என் கை நடுங்கியது, நடுவர் அவர்களே. அந்த நடுக்கத்தை எரிச்சல் என்று எப்படிச் சொல்வேன்?

விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு எளிய வழி வேண்டும் என்றால், அதை மனமார ஏற்கிறேன். ஆனால் 2020இல் வந்த இலவசப் புதுப்பிப்பு, வென்ற எதிரிகளோடு மறுபடியும் மோத வழி செய்தது. எரிச்சல்தான் மிச்சம் என்றால், தங்கையே, அந்த வசதி யாருக்காக? இன்றும் ஞாயிறு மாலை கெனிசிரோவிடம் போகிறேன். மாமாவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

நன்றி, வணக்கம்.