அடுத்த ஆசானின் களரிக்குப் போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

சிலம்பம், களரி என்று சொல்லி என்னைப் பேச அழைக்கும் இடங்களில் பெரும்பாலும் சுருள்வாளைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். இல்லாவிட்டால் உடலில் அடிபட்டால் ஆபத்தான இடங்களைச் சொல்லும் வர்மத்தைப் பற்றி. வானொலியில் வாளைச் சுழற்றிக் காட்ட முடியாது, அது எனக்கு ஒரு வசதி. அதனால் நெடுநாளாகப் பேச நினைத்திருந்த ஒரு சங்கதியை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆசானிடம் படிக்கிற பிள்ளை வேறோர் ஆசானின் களரிக்கு, அதாவது பயிற்சிக் கூடத்துக்கு, போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லையே. உண்மைதான். ஆனால் கல்யாண வீட்டில் யாரும் நம் கையில் கம்பைக் கொடுப்பதில்லை.

நம் குமரி எல்லைப்பகுதியில் இது அன்றாடம் நடக்கிற காரியம். களியக்காவிளையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பாறசாலை, இன்னும் கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்தார்கள். ஆசான் வழியை யாரும் பிரிக்கவில்லை. இங்கே உள்ள ஆசானுக்கு அங்கே சீடர்கள், அங்கே உள்ளவருக்கு இங்கே. இப்போது கராத்தே, ஜூடோ வகுப்புகளும் வந்துவிட்டன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு பிள்ளைகள் இன்னும் அதிகமாக இடம் இடமாகப் போய்ப் பார்க்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் களியக்காவிளைச் சோதனைச் சாவடியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

அந்த வாக்கியம் இது: "எங்கள் களரியில் இப்படி இல்லையே!"

உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். மைதானத்தில் பலவிதமான சத்தங்களைக் கேட்டவன். இந்த வாக்கியத்தைப் போல ஒரு பயிற்சியை நிறுத்திப்போடுகிற சத்தம் வேறு இல்லை. சொல்கிற பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தன் ஆசான் மீதுள்ள பற்று அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் அதைக் கேட்டவுடன் அங்கே உள்ள இருபது பிள்ளைகளும் தங்கள் ஆசானின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் என்ன செய்வார், பாவம்? சரி என்றால் தன் பாடத்தை விட்டுக்கொடுத்ததாகும். தவறு என்றால் ஊரில் இல்லாத இன்னொரு ஆசானைக் குறை சொன்னதாகும்.

இதற்கு நேர்மாறான ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. என்னிடம் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "சார் மறுபடியும் தொடங்கிவிட்டார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் ஆசானின் களரி. வட கேரளத்தில் உள்ளதுபோல் குழி தோண்டியது அல்ல. செம்மண் தரை, ஓலைக் கொட்டகை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம், நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதை ஒட்டியிருப்பார். கையில் துணிப்பை, கக்கத்தில் குடை. வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார், குடையையும் வெளியிலேயே சாய்த்து வைத்தார். தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆசானிடம் தன் ஆசானின் பெயரைச் சொன்னார். தன் பெயரை இரண்டாவதாகத்தான் சொன்னார். பிறகு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார், உட்கார்ந்தார், பார்த்தார். கால் ஆடவில்லை, தலை ஆடவில்லை. இந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதுவும் ஒரு விமரிசனம்தான். வாய் திறக்காமலே "எங்கள் களரியில் இப்படி இல்லையே" என்று சொல்கிற வழி.

அதற்கும் அடுத்த நாள் எங்கள் ஆசான், "இறங்குகிறீர்களா?" என்று கேட்டார். இறங்கினார். ஆசான் அவருக்கு ஜோடியாக விட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை. இருவர் கையிலும் குறுவடி என்ற சிறு கம்பு. முதலில் ஒற்றைச் சுவடு என்ற கால்வைப்பு. பெரியவர் கால் வைத்தார். பின்காலின் பெருவிரல் சற்று வெளியே திரும்பியிருந்தது. எங்கள் களரியில் அது நேராக நிற்கும். பையன் பார்த்தான். கம்பைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, அந்தக் கால் தப்பு. நேராக வையுங்கள்" என்றான்.

நாங்கள் பெரிய பிள்ளைகள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பெரியவர் ஓரமாக உட்கார்ந்த விதத்திலேயே அவர் நேற்றுப் படிக்க வந்தவர் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பையனுக்கு அது எங்கே தெரியும்? அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். விரலை உள்ளே திருப்பினார். "இப்போள் சரியோ மோனே?" என்று கேட்டார். பையன் விடவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றான். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அன்று முழுவதும் அந்தப் பையன் சொன்னபடியேதான் கால் வைத்தார். பழக்கமில்லாத கால் என்பதால் இரண்டு முறை தடுமாறினார். ஆனாலும் பழைய காலுக்குத் திரும்பவில்லை.

பயிற்சி முடிந்து கட்டன்சாயா குடிக்கும்போது எங்கள் ஆசானே கேட்டார்: "உங்கள் பக்கத்தில் அந்தக் கால் எப்படி வரும்?" கேட்ட பிறகுதான், கவனியுங்கள், கேட்ட பிறகுதான், அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் வழியில் அடுத்த சுவடு பின்பக்கம் திரும்பும். அதனால் விரல் முன்கூட்டியே திரும்பி நிற்கிறது. எங்கள் வழியில் அடுத்த சுவடு நேரே முன்னால் போகும். ஆகவே அவர் கால் அவருக்குச் சரி, பையன் சொன்னது எங்களுக்குச் சரி. அதன் பிறகு எங்கள் ஆசான் பின்னால் திரும்பும் அந்தச் சுவட்டையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் அதற்கு "நெய்யாற்றின்கரைக் கால்" என்று பெயரே வைத்துவிட்டோம். அந்தப் பெரியவர் முதல் நாளே "எங்கள் களரியில் இப்படி இல்லையே" என்று சொல்லியிருந்தால் அந்தக் கால் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஜோடியாக நின்ற அந்தப் பையன் இப்போது பஸ் நடத்துநர். படியில் நிற்பவர்களிடம் காலை உள்ளே வைக்கச் சொல்லும்போது அதே குரல்.

சரி, கதை நீண்டுவிட்டது. மற்றவற்றைச் சற்று வேகமாகச் சொல்கிறேன்.

வடக்கன் களரிக்கு, அதாவது வட கேரளத்து வழிக் களரிக்கு, போகிறவர்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே குழிக்களரி. 42 அடி நீளம், 21 அடி அகலம் என்பது மரபான கணக்கு. வாசல் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. வலது காலை வைத்து இறங்கி, தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் 1956இல் தொடங்கிய சி.வி.என். களரியில் மேலே நின்று பயிற்சியைப் பார்க்க இடம் உண்டு. பார்க்க வந்தவருக்கு அதுதான் இடம். பிள்ளைகள் பயிற்றும் தரையைக் குறுக்கே கடந்து போய்ப் பூத்தறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அழகில்லை. கீழே கிடக்கும் ஆயுதத்தைத் தாண்டக் கூடாது. கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "சார், நாங்கள் கிறிஸ்தவர்கள், விளக்கை வணங்க வேண்டுமா?" நம் பக்கத்தில் கிறிஸ்தவ ஆசான்கள் எத்தனையோ பேர். மலபாரில் முஸ்லிம் குருக்கள் உண்டு. எல்லாக் களரியிலும் வணக்கம் உண்டு. அதன் முறை மட்டும் மாறும். போகிற இடத்து ஆசானிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் "தரையைத் தொட்டுக் கும்பிட்டால் போதும் மக்களே" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் எல்லோரும் குனியும்போது தான் மட்டும் விறைத்து நிற்பதுதான் சங்கடம்.

கராத்தே, ஜூடோ பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டை ஒரு பிரச்சினை. ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கி ஜூடோவுக்குத் தரவரிசை வகுத்தார். கிச்சின் புனாகோஷி அதைப் பார்த்து 1924இல் கராத்தேயில் முதல் கறுப்புப் பட்டைகளைக் கொடுத்தார். ஆக, பட்டை என்பது ஒரு பள்ளி தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அடையாளம். வேறு பள்ளிக்குப் போகும்போது, "எந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ளட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பையில் ஒரு வெள்ளைப் பட்டையும் இருக்கட்டும். "உன்னுடையதையே கட்டு" என்று அவர்கள் சொன்னால் கட்டிக்கொள்ளலாம், அதில் பிழையில்லை. அப்போது அவர்கள் உங்களிடம் அந்தப் பட்டைக்குரிய உழைப்பை எதிர்பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசானிடம் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் சிறு பிள்ளைகளின் முகத்தை உலகத்துக்கு அனுப்பாதீர்கள். இதற்கு மேல் நான் பேசினால் திட்டத்தான் செய்வேன்.

வர்மம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தெற்கன் வழியில், அதாவது நம் பக்கத்து வழியில், ஆசானே வைத்தியரும் ஆவார். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் 107 மர்மங்களை, அதாவது வர்ம இடங்களை, சொன்னார். நம் ஆசான்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 சொல்வார்கள். எங்கே அடி பட்டால் என்ன ஆகும் என்பதோடு, பட்டவனை எப்படி எழுப்புவது என்பதும் சேர்ந்ததுதான் அந்தப் படிப்பு. கூடவே பல வருடம் இருந்த சீடனுக்கே கடைசியில்தான் சொல்வார்கள். போன முதல் நாளே, "ஆசானே, எங்கே தொட்டால் ஆள் மயங்குவான்?" என்று கேட்கிற வாலிபர்கள் இருக்கிறார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் பரீட்சைக் கூடம் என்று பதில் சொன்னேன். அடுத்தவர் களரியில் வர்மத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பக்கத்து அறையில் முறிவுக்குக் கட்டுப்போட வந்தவர்கள் இருப்பார்கள், அங்கே எட்டிப் பார்க்காதீர்கள். ஆடி மாதத்தில் உழிச்சில் என்ற எண்ணெய்த் தடவல் நடக்கும் களரிகளுக்கு, போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். வரவேற்கிற ஆசானின் கடமைகளைப் பற்றிப் பாதி நேரம் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தைப் பஸ் நடத்துநர் எடுத்துக்கொண்டார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆசான்மாரே, வந்த பிள்ளையை உங்கள் களரியிலேயே முரட்டுப் பையனோடு ஜோடி விட்டுச் சோதிக்காதீர்கள். அவன் அடிபட்டுத் திரும்பினால் இரண்டு களரிக்கும் கெட்ட பெயர். பெண் பிள்ளை வந்தால் உடை மாற்ற ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். களரி ஆசானான வடகரை மீனாட்சியம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம், நம் கொட்டகையில் ஒரு தட்டி மறைப்புக்கூட இருப்பதில்லை.

பிள்ளைகளே, போவதற்கு முன் உங்கள் ஆசானிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்தவர் வாய்வழியாக அவருக்குத் தெரியவரக் கூடாது. வடக்கன் களரியின் பெரிய ஆசானான கோட்டக்கல் கணாரன் குருக்களே பல குருக்களிடம் போய்ப் படித்தவர்தான். ஆகவே போவது குற்றமில்லை, ஒளிந்து போவதுதான் குற்றம்.

தட்சிணை எவ்வளவு என்று கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில்: வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம். அது போதும். வணக்கம்.