பட்டப்பகலில் வரும் ஆவி: ட்ரூரி லேன் நாடக அரங்கின் கதை

நேயர்களுக்கு வணக்கம். பேய்க் கதை என்றாலே நமக்கு நடுராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் என்று ஒரு கணக்கு உண்டு. லண்டனில் ட்ரூரி லேன் ராயல் தியேட்டரில் உலவுவதாகச் சொல்கிறார்களே, அந்தச் சாம்பல் நிற மனிதர் இந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டார். காலை பத்து மணிக்கு மேல், மாலை ஆறு மணிக்குள்தான் வருவாராம். தலையில் பவுடர் பூசிய டோப்பா, மூன்று முனைத் தொப்பி, சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் வாள். மேல் பால்கனியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிதானமாக நடந்துபோய் சுவருக்குள் மறைந்துவிடுவாராம், யாரையும் பயமுறுத்துவதில்லை. ஒத்திகை நடக்கும்போது அவர் கண்ணில் பட்டுவிட்டால் அந்த நாடகம் பல மாதம் ஓடும் என்று நடிகர்கள் சந்தோஷப்படுவார்களாம். வரவேண்டுமே என்று எதிர்பார்க்கப்படும் ஆவி!

நான் நாடகத்தை நேசிப்பவன், அதனால் இந்த அரங்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அனுமதியோடு தாமஸ் கில்லிக்ரூ என்பவர் இங்கே முதல் அரங்கைக் கட்டினார். 1672இல் அது எரிந்துபோனது. 1674இல் இரண்டாவது அரங்கம் வந்தது, நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. அப்புறம் அதையும் இடித்துவிட்டு 1794இல் மூன்றாவதாக, மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி பிரம்மாண்டமாக ஒன்றை எழுப்பினார்கள். நாடகாசிரியர் ஷெரிடன் அப்போது அதன் முதலாளி. இனிமேல் தீ பற்றவே பற்றாது என்று காட்டுவதற்காக, புது அரங்கில் இரும்பிலேயே ஒரு படுதா செய்து மாட்டினார்கள், கூரையில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தார்கள். திறப்பு விழாவில் அந்த இரும்புப் படுதாவை இறக்கி, மறுபடி தூக்கியபோது மேடையில் நிஜத் தண்ணீரில் ஒரு ஏரி, அதில் ஒருவர் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஜனங்கள் எப்படிக் கைதட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினைந்தே வருஷம். 1809 பிப்ரவரி 24 இரவு அதுவும் எரிந்து சாம்பலானது. ஷெரிடன் அன்றிரவு நாடாளுமன்றத்தில் இருந்தார். அவருக்காகச் சபையை ஒத்திவைக்கலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, வேண்டாம், நாட்டு விவகாரம் நடக்கட்டும் என்று தடுத்துவிட்டார். பிறகு அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கடையில் ஒயின் கோப்பையோடு உட்கார்ந்து தன் சொத்து எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு மனுஷன் தன் சொந்த நெருப்பருகே உட்கார்ந்து ஒரு கோப்பை ஒயின் குடிக்கக்கூடாதா என்றாராம். அந்தத் தீ அவரை எழுந்திருக்க முடியாதபடி அடித்துப்போட்டது. புது அரங்கின் நிர்வாகத்தில் அவருக்கு இடமே இல்லை. 1812இல் பெஞ்சமின் வயட் வடிவமைப்பில் திறந்த நான்காவது கட்டடம்தான் இன்றைக்கும் நிற்கிறது. உள்ளே மக்கள் உட்காரும் பகுதியை மட்டும் 1922இல் புதிதாக அமைத்தார்கள்.

இந்த வருஷங்களையெல்லாம் நான் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. நம் சாம்பல் நிற மனிதர் மறையும் சுவரை 19ஆம் நூற்றாண்டில் வேலையாட்கள் இடித்தபோது, உள்ளே விலா எலும்பில் கத்தி செருகிய ஒரு எலும்புக்கூடு இருந்தது என்று கதை. சரி, அவர் உடையோ 18ஆம் நூற்றாண்டு. சுவர் எவ்வளவு பழையது என்றாலும் 1812தான். அவர் நடக்கும் பால்கனி 1922. செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஒருவர், தான் உயிரோடு இருந்தபோது கட்டப்படாத பால்கனியில் நடந்து, தன் காலத்தில் இல்லாத சுவருக்குள் எப்படிப் போவார்? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர் மெக்குவீன் போப், நாடக வரலாறு எழுதியவர், அதே அரங்கத்துக்கு விளம்பர அதிகாரியாகவும் இருந்தவர். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த அரங்கத்தின் மேல் அவருக்கு உயிர். ஆனால் பெயரே இல்லாத ஒரு கனவானின் ஆவி ஊர் ஊராகப் புகழ்பெற்று, அங்கே நிஜமாகவே வாழ்ந்து செத்த கலைஞர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தாமஸ் ஹாலம் என்ற நடிகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1735 மே 10 அன்று நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, நடிகர்கள் மேடைக்கு வெளியே காத்திருக்கும் கிரீன் ரூமில் அவருக்கும் சார்லஸ் மாக்லின் என்ற நடிகருக்கும் தகராறு. எதற்குத் தெரியுமா? ஒரு டோப்பாவுக்கு! முந்தின நாள் மாக்லின் வைத்து நடித்த டோப்பாவை அன்றைக்கு ஹாலம் எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். மாக்லின் முன்கோபி. வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்த கைத்தடியை நீட்டிக் குத்தினார், அது ஹாலமின் இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் அவர் இறந்துபோனார். வழக்கில் மாக்லின் தனக்குத் தானே வாதாடினார், வேண்டுமென்று செய்த கொலை அல்ல என்று தீர்ப்பு வந்தது, கையில் சூடுபோடும் தண்டனையோடு தப்பினார். மறுபடி அதே மேடைக்கு வந்தார். 1741இல் அங்கே அவர் நடித்த ஷைலக் வேஷம், அதாவது ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் வட்டிக்காரர் வேஷம், ஆங்கில மேடையில் ஒரு திருப்பம், அதுவரை அந்தப் பாத்திரத்தைப் பபூன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள், இவர்தான் அதைப் பார்ப்பவர் நடுங்கும்படி நடித்துக் காட்டினார். கிழவராகி 1797இல்தான் இறந்தார். மேடைக்கு எதிரே அந்தி நேரத்தில் நடந்துபோகும் ஒல்லியான உருவம் மாக்லின்தான் என்கிறார்கள். கொன்றவருக்கு ஆவிக் கதை இருக்கிறது, செத்தவரின் பெயரோ அந்தக் கதையின் ஓரத்தில் ஒரு வரி.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜோசப் கிரிமால்டி. வெள்ளை பூசிய முகம், கன்னத்தில் சிவப்பு முக்கோணம், இன்றைக்கு உலகம் முழுக்க சர்க்கஸ் கோமாளி என்று நாம் பார்க்கும் உருவத்துக்கு அவர்தான் வேர். 1778இல் பிறந்தவர், அப்பா ட்ரூரி லேனில் நடனம் சொல்லிக்கொடுத்தவர், நடக்கப் பழகிய வயதிலேயே பிள்ளையை மேடையேற்றிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் குட்டிக்கரணம், தாவல், விழுதல். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், அவருடைய மூட்டுகள் தேய்ந்துகொண்டே போயின. ஐம்பது வயது ஆவதற்குள் உடம்பு ஓய்ந்துவிட்டது. 1828 ஜூன் 27 அன்று அதே ட்ரூரி லேனில் கடைசியாக மேடைக்கு வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் காட்சியை நடித்தார். 1837இல் போய்ச் சேர்ந்தார்.

இவருடைய ஆவி செய்வதாகச் சொல்லும் காரியத்தைக் கேளுங்கள். மேடையில் தப்பான இடத்தில் நிற்கும் நடிகரை, கண்ணுக்குத் தெரியாத கைகள் மெல்லத் தள்ளி, சரியான இடத்துக்குக் கொண்டுபோகுமாம். 1947இல் அங்கே 'ஒக்லஹோமா' என்ற இசை நாடகம் நடந்தது. அதில் நடித்த ஒரு இளம் அமெரிக்க நடிகைக்கு, தன் நகைச்சுவை வசனங்களுக்குச் சிரிப்பே எழவில்லை என்று கவலை. ஒரு நாள் யாரோ தோளைப் பிடித்துக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, உடம்பைக் கொஞ்சம் திருப்பிவிட்ட மாதிரி உணர்ந்தாராம். அந்த இடத்தில் நின்று வசனத்தைச் சொன்னதும் அரங்கமே சிரித்ததாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மேடை ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒரே வசனம், ஒரே குரல், அரை அடி தள்ளி நின்றால் எடுபடும், இல்லையென்றால் விழுந்துவிடும். அந்த அரை அடியைச் சொல்லித்தர ஒரு மூத்த கலைஞர் வேண்டும். செத்த பிறகும் அதைச் செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு கோமாளியைப் பற்றிச் சக நடிகர்கள் கதை கட்டினார்கள் என்றால், அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும், சொல்லுங்கள்!

ஆவி இல்லாமலேயே நினைவில் நின்றவர் ஒருவரும் இருக்கிறார். ராபர்ட் பேடலி, பேக்கரித் தொழிலாளியாக இருந்து நடிகரானவர். 1794இல் இறக்கும்போது உயிலில் நூறு பவுண்டு எழுதிவைத்தார். அதன் வட்டியில் வருஷா வருஷம் ஜனவரி 6 அன்று ட்ரூரி லேன் நடிகர்களுக்குக் கேக்கும் ஒயினும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 1795இலிருந்து அந்தக் கேக்கை வெட்டுகிறார்கள். கட்டடம் எரிந்தது, முதலாளிகள் மாறினார்கள், நூறு பவுண்டின் வட்டி எந்தக் காலத்திலோ காணாமல் போயிருக்கும், கேக் வெட்டும் வழக்கம் மட்டும் இன்றும் தொடர்கிறது.

இந்த அரங்கத்தை 2019இல் மூடி, ஆறு கோடி பவுண்டு செலவில் புதுப்பித்து, 2021இல் மறுபடி திறந்தார்கள். இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் அதன் உரிமையாளர். 1812இன் வட்டக் கூடத்தையும் இரண்டு பெரிய மாடிப்படிகளையும் பழைய அழகுக்குக் கொண்டுவந்ததோடு, பார்வையாளர்களை மேடைக்கு இன்னும் நெருக்கமாக உட்காரவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் சந்தோஷம், முன்கூடத்தைப் பகலிலும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதுதான். நாடகச் சீட்டு வாங்கக் காசு இல்லாதவரும் உள்ளே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். உங்களில் யாராவது லண்டன் போனால், சாம்பல் நிற மனிதரை எந்த வழிகாட்டியும் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுவார். நீங்கள் ஹாலமைப் பற்றிக் கேளுங்கள், பேடலியைப் பற்றிக் கேளுங்கள். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்க வாய்த்தால், கிழக்கு லண்டனில் கிரிமால்டி நினைவாக ஒரு தேவாலய வழிபாடு நடக்கும், கோமாளிகள் முழு மேக்கப்போடும் வேஷத்தோடும் வந்து உட்காருவார்கள், அதையும் தவறவிடாதீர்கள். வணக்கம்.