வேலை போனால் ரூமும் போகும்

வணக்கம் நேயர்களே.

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் கான்ட்ராக்ட் வேலை. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட். கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டல்களில் சனி, ஞாயிறு கூட்டத்துக்கு மட்டும் ஆள். நாளைக்கு வரச் சொல்வார்களா என்று தெரியாத வேலை யாரையும்தான் அரிக்கும். தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கும், பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. கையில் சம்பளம் இருக்கும்வரைதான் வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு ரூம். வேலை போனால் வாடகை கட்ட முடியாது. ஊருக்குத் திரும்பினால் கல்யாணப் பேச்சு காத்திருக்கும். அதனால்தான் சூப்பர்வைசர் தங்கள் நடையைக் கேலி செய்தாலும், ஓவர்டைம் காசு வராவிட்டாலும் பலர் வாய் திறப்பதில்லை. தூக்கம் முதலில் கெடுகிறது. பசி, கவனம் எல்லாம் பின்னாலேயே.

இவர்களுக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பது பாதி வைத்தியம். சம்பளச் சீட்டையும் பார்க்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்: 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய். மனச்சோர்வும் நோய்தான்; இஎஸ்ஐ டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது புதிதாக ஒரு இன்சூரன்ஸ் நம்பர் போட்டுவிடுவார்கள், நாள்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். பழைய நம்பரையே கொடுங்கள். பெயர் மாற்றிய திருநம்பிகளுக்கு ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப் கணக்கில் வேறு பெயர் என்றிருந்தால் பணம் எடுக்கும்போது அங்கேயே நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். நின்ற பிறகு முதலாளி கையெழுத்துக்கு அலைய நேரலாம்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நைட் ஷிஃப்டில் கண் சொக்குகிறது என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்; ஷிஃப்டைச் சொன்னால் டாக்டர் வேளையை மாற்றித் தருவார். சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரையோடு குவார்ட்டரும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். நம்ம ஊரில் சரக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பாலீர்ப்பைக் காரணம் காட்டி சிகிச்சையில் பாகுபாடு கூடாது, நீங்கள் சொன்னதை வெளியே சொல்லவும் கூடாது. "கல்யாணம் பண்ணு, சரியாயிடும்" என்றோ, மாற்றிக் காட்டுகிறேன் என்றோ ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்றும் முயற்சிகளைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம்.

ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ரூமில் நாலு பேர் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு பீச்சுப் பக்கம் போய்விடுங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் மட்டும் தனியாக எங்கும் போக வேண்டாம். நம்பும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று பார்க்காதீர்கள்.